தையல்நாயகி ஏறிய தோணி

ஆறு கடலில் விழும் இடத்தில், மூன்று பக்கம் உப்பங்கழியும் ஒரு பக்கம் கடலுமாகச் சூழப்பட்டு, தில்லை மரங்களின் வேர்ப்பிடிப்பு ஒன்றினாலேயே இடம்பெயராமல் நின்றுகொண்டிருந்த தில்லைத்திட்டு என்னும் மீனவ ஊரில், சந்திரகாசனின் மனைவி தையல்நாயகி கனக்கத் தொடங்கியது எந்த நாளில் என்பதை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதனை முதலில் கண்டுகொண்டது மனிதர் எவரும் அல்லர், அஞ்சாப்புலியின் தோணியே என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை.

அக்கரைச் சந்தையில் மீனை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு அவள் தோணியில் கால் வைத்தாள். வைத்தவுடன் தோணி, சினைமாடு படுப்பதைப் போல ஒரு பெருமூச்சோடு தண்ணீருக்குள் ஒரு சாண் இறங்கியது. முன்னமே ஏறி அமர்ந்திருந்த பெண்கள் முந்தானையை இழுத்து மடியில் செருகிக்கொண்டார்கள். புலிக்கும் அஞ்சாதவன் என்று பெற்றோர் பெயர் வைத்திருந்தாலும் பெண்டாட்டிக்கும் ஐப்பசி மாதத்துச் சுழலுக்கும் அஞ்சுகிறவனாகிய அஞ்சாப்புலி, கோலை ஊன்றியபடியே திரும்பிப் பார்த்தான்.

“தையலு, கூடைக்குள்ள என்னாத்த வச்சிருக்க? அம்மிக்கல்லு வாங்கிப் போறியா?”

“வெறுங்கூடைதாண்ணே. பாருங்க.”

அவள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒட்டியிருந்த மீன்செதில்கள் சில உதிர்ந்தன, வேறொன்றும் விழவில்லை.

“அப்ப நீதாண்டி அம்மி” என்றான் அவன். பெண்கள் சிரித்தார்கள். கழுத்தெலும்பில் குழி விழுந்து, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்திருந்த தையல்நாயகியும், பிறர் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும் என்னும் வழக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டவளைப் போலச் சற்றுத் தாமதமாகச் சிரித்தாள்.

தோணி இக்கரை சேர்ந்தபோது துறையில் நின்றுகொண்டிருந்தவர் ஊர் நாட்டாராகிய வைரக்கண்ணு. தில்லைத்திட்டில் நாட்டார் வாக்குத் தராமல் கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்றுவதில்லை, சாவுக்குச் சங்கு ஊதுவதும் இல்லை. அவர் தகப்பனாரும் பாட்டனாரும் வகித்த பொறுப்பு அது. தார் பூசிய தோணியின் விலாவில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்பதை அவர் பார்த்தார். அவள் இறங்கியதும் அது விடுபட்டு மேலே எழும்பியதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, வெகு தொலைவில் யாரோ தம்மைக் கூப்பிட்டது போல முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார். ஏனெனில் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வதற்கு அவர் பட்டுக்கொண்டிருந்த பாடோ மிகப் பெரியதாக இருந்தது.

அதற்கு முந்தைய ஐப்பசியில் நாட்டாருடைய விசைப்படகு ஐந்து பேரோடு கடலுக்குப் போனது. சுக்கான் பிடித்தவன் அவருடைய ஒரே மகன் ரத்தினவேல். வலை இழுக்கப் போனவர்களுள் ஒருவன் சந்திரகாசன். புயல் அறிவிப்பு வந்தபோது மற்றப் படகுகள் திரும்பிவிட்டன, அந்தப் படகு திரும்பவில்லை. ஊர் தேடியது, அரசாங்கம் தேடியது, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தது. ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு மிதவை கிடைக்கவில்லை, மீன் தின்ற மிச்சமாகக்கூட ஒருவனும் கரைக்கு வந்து சேரவில்லை.

உடல் கரைக்கு வராதவனுக்கு அழக்கூடாது என்பது தில்லைத்திட்டின் கட்டு. கடலுக்குக் கண்ணீரைக் காட்டினால், சரி, இவர்கள் கைகழுவிவிட்டார்கள், இனி எனக்கே உரியவன் என்று அது எடுத்துக்கொள்ளும். கண்ணீரைக் காட்டாதவரை அது வைத்திருப்பது கடன் வாங்கிய பொருள்தான், என்றைக்காவது திருப்பித் தந்தாக வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. இலங்கைக் கரையில் ஒதுங்கி, வேற்றுநாட்டுச் சிறையில் கிடந்து, ஊர் மறந்துவிட்ட ஒரு நாளில் தாடியோடு தோணித்துறையில் வந்து இறங்கியவர்கள் முன்பு இரண்டொருவர் இருந்தும் இருக்கிறார்கள். ஆகவே போனவனுடைய மனைவி பூவும் பொட்டுமாக இருக்க வேண்டும். அவன் பங்குச் சோற்றை எடுத்துவைத்துக் காலையில் பழையதாகத் தானே உண்ண வேண்டும். எவர் கேட்டாலும், கடலுக்குப் போயிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். ஒரே படகில் போனவர்கள் ஐவரும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவர்கள். ஒருத்தி அழுதாலும் ஐவரும் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் ஒரு வீட்டு அடுப்படியில் யாராவது மூக்கை உறிஞ்சினால்கூட, அடுத்த வீட்டிலிருந்து, “என்னாடி, சளியா?” என்று அதட்டல் வரும், “ஆமாக்கா, சளிதான்” என்று பதில் போகும். அந்த வருடம் ஊர் முழுவதும் சளியாகவே இருந்தது.

ஊரார் தையல்நாயகியின் கனத்தை எடுத்துக்கொண்ட விதம், மழையையும் வெயிலையும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் விதத்திலிருந்து மாறுபட்டதன்று. அஞ்சாப்புலி அவளைத் தோணியின் நடுப்பலகையில் இருத்தி, இரு பக்கமும் பனிக்கட்டிப் பெட்டிகளை வைத்துச் சமன் செய்யக் கற்றுக்கொண்டான்; அவளைப் பார்த்தால், “முதல்ல நீ ஏறு ஆத்தா, மத்ததுங்கள்லாம் உதிரி” என்பான். அவள் படுத்த கட்டில் முறிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோரைப்பாய் கொடுத்தார்கள். பாய்க்கு அடியில் தரை இறங்கத் தொடங்கியதும் களிமண்ணும் கிளிஞ்சலும் கொண்டுவந்து மெழுகி நிரப்பினார்கள். நிரப்பியதும் இறங்கியது, மறுபடி நிரப்பினார்கள். ஈர மணலில் அவள் நடந்து போன தடங்களில் முழங்காலளவு பள்ளம் விழுந்து தண்ணீர் ஊறியது, அவற்றில் நண்டுகள் குடியேறின, அவள் வழக்கமாகப் போகும் பாதையைப் பெண்கள் நண்டு பொறுக்கும் இடமாக ஆக்கிக்கொண்டார்கள். வாடைக் காற்று வீசும் காலத்தில் ஒரு நாள் அவள் இருந்த தோணி மட்டும் கவிழாமல் வந்து சேர, அதன்பின் காற்று முறுகிய நாட்களில் அவளை அடிபாரமாக ஏற்றிச் செல்ல ஆண்கள் முறைபோட்டுக்கொண்டார்கள். நிறை சரியாக அமைந்த கல் போல அவள் அசையாமல் அமர்ந்திருப்பாள், கரை சேர்ந்ததும் நல்ல மீனாகப் பார்த்து அவள் கூடையில் போடுவார்கள். இவ்வாறாக அவளுடைய துன்பம் ஊருக்கு உபயோகமுள்ளதாகவும் ஆயிற்று. உபயோகப்படும் ஒன்றைப் பற்றி அது ஏன் வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்.

அவள் பேச்சை நிறுத்திய பிறகுதான் நாட்டாரின் மனைவி காத்தாயி வாய் திறந்தாள். “ஏங்க, அந்தப் பொண்ணு மூணு நாளா வாயத் தொறக்கல. சந்தைக்குப் போவல. ஒலையில அரிசியப் போட்டுட்டு அடுப்பப் பத்த வைக்காம அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. டாக்டர்கிட்டயாவது காட்டுங்க.”

“காட்டிடுவம்” என்றார் அவர். ஊரின் சார்பாகப் பேசுகிறவர் அவரேயாகையால் அவரே கூடப் போனார்.

பட்டணத்து மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவைப் பார்த்துவந்த மருத்துவர் இளம் வயதுப் பெண்மணி. களைத்த கண்களும் அன்பான குரலும் உடையவர். தையல்நாயகி அமர்ந்ததும் இரும்பு நாற்காலியின் கால்கள் தரைக்கல்லைப் பிளந்துகொண்டு உள்ளே சென்றன. “பரவாயில்லம்மா, கீழயே உக்காரலாம்” என்று சொல்லித் தாமும் அவள் எதிரே தரையில் அமர்ந்துகொண்ட அந்த மருத்துவரை வைரக்கண்ணு பிற்காலத்திலும் குறைத்துப் பேசியதில்லை. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தையல்நாயகி தலையை அசைத்தும் அசைக்காமலும் பதில் சொன்னாள். வெளியே வரிசை, கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை நின்றுகொண்டிருந்தது.

“வீட்ல சமீபத்துல ஏதாவது சாவு நடந்ததா?” என்று மருத்துவர் கேட்டார்.

தையல்நாயகி நிமிர்ந்து நாட்டாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சுதல் இல்லை, கோபம் இல்லை. வாக்கு அவருடையது என்பது மட்டும் இருந்தது.

“சாவு ஒண்ணும் இல்லைங்க” என்றார் வைரக்கண்ணு.

“வீட்டுக்காரர் எங்க?”

“கடலுக்குப் போயிருக்காப்ல.”

“நல்லா பாத்துக்குறாரா? குடி, அடிதடி உண்டா?”

“தங்கமான புள்ளைங்க.”

“அவர் வந்ததும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க” என்றார் மருத்துவர். கடலறியாத அவருக்குக் கடலுக்குப் போவதென்பது வேலைக்குப் போவதைப் போன்றதே. சாவில்லை, அடியில்லை, கடனில்லை, காரணம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆகவே இது வெளியிலிருந்து வந்ததன்று, மூளைக்குள் ஊற வேண்டியது ஊறாமல் போனதால் உள்ளிருந்தே முளைத்த மனச்சோர்வு நோய் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது, கிடைத்த பதில்களைக் கூட்டினால் வரக்கூடிய விடையும் அதுதான். மருந்துக்கடை வாசலில் நின்றபோது வைரக்கண்ணுவின் மனத்துக்குள் வெட்கத்தையும் மீறிக்கொண்டு ஓர் ஆறுதல் எழுந்தது. உள்ளிருந்தே வந்தது என்றால் கடலிலிருந்து வரவில்லை என்றல்லவா பொருள். கடலிலிருந்து வரவில்லை என்றால் கடலில் எதுவும் நடக்கவில்லை என்றல்லவா பொருள். எதுவும் நடக்கவில்லை என்றால் ரத்தினவேல் எங்கேயோ ஒரு கரையில் தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

நோயின் பெயரைக் கொண்டுபோய் அவர் ஊரில் சேர்த்தார். ஊர் அதனைச் சீர்வரிசைத் தட்டைப் போல இரு கைகளாலும் வாங்கிக்கொண்டது. அதுவரை அவள் வாசலைக் கடக்கும் பெண்கள், “என்னா தையலு, யார நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க?” என்று கேட்பார்கள், பதில் சொல்ல முடியாத கேள்வியாயினும் அது ஒரு கேள்வியாக இருந்தது, பெயர் வந்த பிறகு, “மாத்திர போட்டியா?” என்று மட்டும் கேட்டார்கள். அவள் குளத்தங்கரையில் நின்று தண்ணீரையே பார்த்தால் அது நோய்; மல்லிகைப்பூவைத் தலையிலிருந்து எடுத்து வேலியில் மாட்டிவிட்டு வந்தால் அதுவும் நோய்; ஒரு தடவை அவள், “எனக்கு நோவு இல்லக்கா, எனக்கு அவருதான்…” என்று தொடங்கியபோது, கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் வாயைப் பொத்தி, “இப்பிடிப் பேச வைக்கிறதே அந்த நோவுதாண்டி” என்றாள். மாத்திரை தூக்கத்தைத் தந்தது. தூக்கம் நல்லதுதான், அவளுக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் தூங்கும்போதும் தரை இறங்கிக்கொண்டே இருந்தது, விடிந்ததும் அவள் ஒரு மரத்தொட்டிலுக்குள் கிடக்கும் குழந்தையைப் போலக் குழிக்குள்ளிருந்து கைகொடுத்து எழுப்பப்பட்டாள்.

அடுத்த ஆண்டு மற்ற நான்கு வீடுகளிலும் கட்டில்கள் முறியத் தொடங்கின. மருத்துவர் அந்தப் பெண்களின் உறவுமுறைகளை விசாரித்தார். தில்லைத்திட்டில் எல்லோருக்கும் எல்லோரும் மாமன், மச்சான், அத்தை, கொழுந்தி. இரத்தம் வெளியே போகாத ஊர். ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் என்றால் இரத்தத்திலேயே இருக்கிறது என்றார் அவர். வேறொரு பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிய இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அங்கே வேறொரு பெயர் வைத்தார்கள், இன்னொருத்திக்கு இரண்டு பெயர்களைக் கொடுத்து எது என்று போகப்போகத் தெரியும் என்றார்கள். ஒரே கனத்துக்குக் கரைக்கொரு பெயர் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக மேற்கே ஓர் ஊரில் பத்துப்பொருத்தமும் பார்த்து நிச்சயம் செய்திருந்த ஒரு பெண்ணின் கல்யாணம், கனக்கிற இரத்தம் எங்களுக்கு வேண்டாம் என்ற ஒரு வரிச் செய்தியில் நின்றுபோயிற்று. அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும், “நாட்டாரே, அந்த ஐஞ்சு வூடுதான் கனக்குது, மத்த வூடு கனக்கல. ரத்தம் எல்லா வூட்லயும் ஒண்ணுதானே?” என்று கேட்டார். “பெரியவருக்கு மறதி வந்துடிச்சு, அவரையும் டாக்டர்கிட்ட காட்டணும்” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது.

ஐந்தாவது வீடு எது என்பதை அந்தக் கிழவர் சொல்லாமல் விட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை. காத்தாயி இப்போதெல்லாம் கோவிலுக்குப் போனால் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள், கருங்கல் படி விரிசல் விட்டிருந்தது. வைரக்கண்ணு மட்டும் எப்போதும் போல நடமாடிக்கொண்டிருப்பதாக ஊர் நம்பியது. அவர் உலர்ந்த மணலில் நடப்பதை விட்டுவிட்டு, அலை வந்து திரும்பும் விளிம்பில் மட்டுமே நடந்தார் என்பதை, அவர் பதித்த ஒவ்வொரு பள்ளத்தையும் அடுத்த அலை வந்து நிரப்பிக்கொண்டு போயிற்று என்பதை யாரும் கவனிக்கவில்லை. தோணியில் ஏறுவதை அவர் அறவே தவிர்த்தார். வேலை எதுவாயினும் ஆளனுப்பினார். நாட்டார் தமக்குரிய மரியாதையை இப்போதுதான் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார் என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது.

மூன்றாம் ஆண்டு தை மாதத்தில் தையல்நாயகியைச் சுற்றி இடுப்பளவுக்குத் தரை இறங்கிவிட்டது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, உள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். சேர்ப்பதற்கு வீட்டார் ஒருவர் வந்தாக வேண்டும். அவளுக்குப் பிறந்த வீட்டில் எவரும் இல்லை. கணவனோ கடலுக்குப் போயிருந்தான். நாட்டார் வந்தே தீர வேண்டியதாயிற்று.

அஞ்சாப்புலி இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, வேறு யாரையும் ஏற்றாமல் காத்திருந்தான். தையல்நாயகியை நடுவில் இருத்தினார்கள். வைரக்கண்ணு துறையில் நின்று மேல்துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார், அதன் பிறகும் ஏறவில்லை.

“ஏறுங்க நாட்டாரே. நீங்க என்னா, பொண்ணு பாக்கவா போறீங்க?” என்றான் அஞ்சாப்புலி.

அவர் ஏறினார். கட்டுக்கயிறுகள் முறுக்கிக்கொண்டு கத்தின.

காலை வெயில் தண்ணீரின் மேல் மஞ்சளாகக் கிடந்தது, காற்று இல்லை, கொக்குகள்கூடத் தத்தம் நிழலை விட்டு நகரவில்லை. நடுக்கழியில், ஆற்றின் இழுப்பும் கடலின் இழுப்பும் சந்திக்கின்ற ஆழத்துக்கு வந்தபோது, தண்ணீர் தோணியின் விளிம்புக்குச் சமமாக நின்றது. ஒரு மீன் துள்ளினாலும் உள்ளே வந்துவிடும். அஞ்சாப்புலி கோலை நிறுத்தினான். அவன் முகத்தில் கேலி இல்லை.

“நாட்டாரே, ஒண்ணு கேக்கறன், கோச்சுக்காதீங்க. தையலு கனம் எனக்குத் தெரியும். இத்தினி நாளா ஏத்தி எறக்கறவன் நான், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவன். ரெட்டத் தோணி தாங்கும்னு பாத்துத்தான் கட்டினன். மிச்சக் கனம் யாருது?”

வைரக்கண்ணு செருப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து அமர்ந்திருந்தார்.

நெடுநாள் எவரையும் ஏறிட்டுப் பாராதிருந்த தையல்நாயகி மெல்ல முகத்தைத் தூக்கினாள். “உங்களுக்குமா, மாமா?” என்றாள்.

விளிம்பைத் தாண்டி முதல் தண்ணீர், மிகவும் மரியாதையோடு வருகிற விருந்தாளியைப் போல, ஓசையின்றி உள்ளே வந்து அவர் பாதத்தை நனைத்தது.

“நான் எறங்கிக்கிறன் மாமா” என்றாள் அவள், பேருந்தில் இடம்விட்டு எழுகிறவளைப் போன்ற சாதாரணமான குரலில். “தோணி நிமிந்துக்கும். நீங்க ரெண்டு பேரும் கரைக்குப் போயிடலாம்.” அவள் கை விளிம்பைப் பற்றியது.

வைரக்கண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கைக்குள் எலும்பு மட்டுமே இருந்தது, அந்த எலும்பில் நங்கூரத்தின் பளு இருந்தது. அவரை நேராகப் பார்த்து அவள் கேட்டாள்:

“அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊருக்கு வேணாம், எனக்குச் சொல்லுங்க. அவரு இருக்காரா?”

போயிருக்கான் என்னும் சொல் அவர் நாக்கில் தயாராக இருந்தது. மூன்று ஆண்டுகளாக எத்தனையோ முறை உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்ட சொல் அது. அதைச் சொன்னால் ரத்தினவேல் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடிருப்பான். அதைச் சொன்னால் இந்தக் கை அவர் கையிலிருந்து நழுவி அடியில்லாத தண்ணீருக்குள் போகும். தன் மகன் பிறந்த அன்று காத்தாயியின் பக்கத்தில் துணிக்குள் பார்த்த சிவந்த முகம் அவருக்கு நினைவில் வந்தது. மீசை முளைத்த பிறகு அவன் சுக்கான் பக்கத்தில் நின்று, “நீ போய்ப் படு நைனா, நான் பாத்துக்குறன்” என்று சொல்லிவிட்டுப் போன கடைசி அந்திப்பொழுதும் வந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.

“இல்லம்மா” என்றார். “சந்திரகாசன் இல்ல. எம்மவன் இல்ல. அஞ்சு பேரும் இல்ல. பொயலு அடிச்ச அன்னைக்கே போயிட்டாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

தோணி அப்போது உடனே எழும்பிவிடவில்லை. தையல்நாயகி அந்தச் சொற்களைக் காதில் வாங்கி, இறக்கிவைக்க இடம் தேடுகிறவளைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்தாள். பிறகு மார்பில் அறைந்துகொண்டு, மூன்று ஆண்டுகளாகச் சளி என்று சொல்லி விழுங்கிய அத்தனையையும் ஒரே குரலாக எடுத்து வெளியே விட்டாள்.

“கடலோட போன ராசா, ஒன்னக்
கட்டியழ நேரம் கேட்டேன்;
கல்லாட்டம் ஒக்காரவச்சு
கனத்துக்கொரு பேரு வச்சாங்க…”

அவளுக்கு எதிரே அமர்ந்து, ஆண்பிள்ளை அழும் அழுகை எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியாதவராகையால் இருமுவதைப் போல வைரக்கண்ணுவும் அழுதார். அஞ்சாப்புலி கோலைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். இறைக்க இறைக்க, இறைத்ததைக் காட்டிலும் அதிகமாகத் தோணி மேலெழுந்துகொண்டிருந்தது என்பதை அவன் பார்த்தும் இறைப்பதை நிறுத்தவில்லை. நெடுநேரம் கழித்து, “எந்தப் பக்கம் போறது நாட்டாரே?” என்றான்.

“சாவு வூட்டுக்குப் போப்பா” என்றார் அவர்.

காற்றில்லாத காலை நேரத்தில் கழியின் மேல் குரல் வெகுதூரம் போகும். தோணி திரும்புவதற்குள்ளாகவே தில்லைத்திட்டு அதைக் கேட்டுவிட்டது. முதலில் ஒரு வீட்டில் பாத்திரம் விழும் ஓசை. அப்புறம் ஒரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளும் ஓசை. அப்புறம் எந்த வீடு என்று பிரித்தறிய முடியாமல் ஊர் முழுவதும் ஒரே ஓலமாக எழுந்தது. அண்ணனுக்கு அழுதவர்கள், கொழுந்தனுக்கு அழுதவர்கள், சித்தப்பனுக்கு அழுதவர்கள், அவர்களோடு ஒருநாள் சீட்டாடித் தோற்ற கோபத்தை இன்னும் மறக்காதவர்கள், எல்லோரும் அழுதார்கள். எல்லோருக்கும் எல்லோரும் உறவாகையால் ஒருவருக்கும் பங்கில்லாமல் போகவில்லை. கனம் என்பது அழுதவுடன் ஆவியாகிவிடும் பொருளன்று. ஐந்து வீடுகளில் இருந்தது எல்லா வீடுகளுக்கும் போனது, அவ்வளவுதான். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கூடை மீனுக்கு மேல் ஏறவில்லை. ஆனால் ஊரின் மொத்தமும் ஒரே பொழுதில் கனத்தமையால், தில்லை மரங்களின் வேர்கள் நெறிபட, திட்டு முழுவதும் நான்கு விரற்கடை கடலுக்குள் இறங்கியது. தோணி வந்து சேர்ந்தபோது துறையின் கற்கள் நீருக்குள் இருந்தன, பெண்கள் தலைவிரிகோலமாகக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை.

வைரக்கண்ணு இறங்கி, தம் மனைவியின் முன்னால் போய் நின்றார். காத்தாயி அவரை ஏசவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, “சங்கு ஊதச் சொல்லுங்க. எம் புள்ள எத்தினி நாளு வாசல்லயே நிப்பான்” என்றாள். அவர் வாக்குக் கொடுத்தார். வைக்கோலில் ஐந்து உருவங்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவனவன் சட்டையை மாட்டினார்கள், அவனவன் பெயரைச் சொல்லி மஞ்சள்நீர் தெளித்தார்கள். தையல்நாயகி தன் தலையிலிருந்த பூவை எடுத்துச் சந்திரகாசனின் வைக்கோல் மார்பில் வைத்தபோது அவள் நின்ற மணல் இறங்காமல் நின்றது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர் வீட்டுச் சோறுதான் அன்றைக்கு. உறவினர் வீடுகளும் சாவு வீடுகளே ஆகிவிட்டபடியால் தில்லைத்திட்டில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. அக்கரையில், வலை விரிக்கும் எல்லை பற்றிய தகராறினால் இவர்களோடு கொண்டும் கொடுத்தும் பழகாமல் பல காலமாக முறுக்கிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், உச்சி வெயிலில் புகையில்லாத இந்தத் திட்டைப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள், அண்டா அண்டாவாகச் சோறும் புளிக்குழம்பும் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தோணிகள் வரத் தொடங்கின. “எங்க வைக்கிறது?” என்று மட்டும் கேட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

இலை போட்டார்கள். வைரக்கண்ணுவுக்கு எதிர்வரிசையில் தையல்நாயகி அமர்ந்திருந்தாள். அவள் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதையும், மெல்லுவதையும், விழுங்குவதையும் அவர் தம் இலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உண்டு முடித்தாள். சற்று நேரம் வெற்றிலையில் மை தடவிக் குறி பார்ப்பவளைப் போல வெறும் இலையைப் பார்த்தாள். பிறகு, பரிமாறிக்கொண்டு போன அக்கரைப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.